முழுசும் சாப்பிட்டாள்

மே 22, வியாழன்

மாப்பிள்ளையின் கம்பெனியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து ஒரு வரிகூட எழுதாமல் மேஜையில் கிடந்தது. சும்மா கிடப்பதைச் சும்மா விடமாட்டேன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை தங்கவில்லை. பெண் குழந்தை. ஒன்பதாவது மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுவிட்டது. அப்படியும் என் மகள் வலி எடுத்துப் பெற்றுத்தான் ஆகவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து மூன்று பேரும் வீடு திரும்பினோம். இதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. எழுத மற்ற விஷயம் எவ்வளவோ இருக்கிறது.

மற்ற விஷயம். என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் தடுக்கி விழுந்தால் இன்னொரு அர்த்தநாரி மேல்தான் விழவேண்டும், அத்தனை பேர் இருக்கிறோம். பகலில் தாலுகா ஆபீஸ் வேலை. சாயங்காலம் கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் சிரிப்புக் காட்டும் பேச்சாளன். குடும்பத்தில் அதிகம் கஷ்டப்படுவது கணவனா, மனைவியா என்று தலைப்பு வைத்தால் எப்போதும் கணவன் கட்சி. என் மனைவி சுலோசனாவின் சாம்பாரைப் பற்றி நான் சொல்லும் ஜோக்குக்கு அவளே முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பாள். அவள் போய் நாலு வருடம் ஆகிறது. மேடையில் இன்னும் அந்தச் சாம்பாரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜனங்களுக்குத் தெரியாது, சிரிக்கிறார்கள்.

மகள் தாரணிக்குப் பிரசவம் பார்க்க நெதர்லாந்துக்கு யார் போவது என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை சபரிக்கு அம்மா இல்லை. என் அக்கா பாவாயிக்கு முட்டி வலி, விமானத்தில் அத்தனை நேரம் உட்கார முடியாது. பாக்கி நான். பாதி உடம்பு பெண் என்று பெயரிலேயே இருக்கிறது, அந்தப் பாதிக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

சுடுதண்ணீர் வைத்தாலே அடிபிடிக்க விடுகிறவன் நான். அக்கா தன் அடுப்படியில் நிற்கவைத்துப் பத்தியச் சமையல் கற்றுக்கொடுத்தாள். பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, முருங்கைக்கீரைப் பொடி, சோம்புத் தண்ணி. "இதெல்லாம் எதுக்குக்கா?" என்றேன். "பெத்த உடம்புக்குடா. கேள்வி கேக்காதே, கிண்டு" என்றாள். கேள்வி கேட்கவில்லை. கிண்டினேன்.

பெட்டி நிறையக் கொடைக்கானல் மலைப்பூண்டு. விமான நிலையத்தில் மோப்பநாய் ஒன்று என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதிகாரி திறந்து பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினார். நாய்தான் கடைசிவரை என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்று காலை அடுப்பைப் பற்றவைத்தேன். பற்றவைத்தேன் என்பது பழக்கதோஷம். இங்கே அடுப்பில் தீயே கிடையாது, கண்ணாடிப் பலகையைத் தொட்டால் சுடுகிறது. குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெற்ற உடம்பு பெற்ற உடம்புதானே. பூண்டு உரித்துக் குழம்பு வைத்தேன். தாரணி வந்து உட்கார்ந்தாள். முழுசும் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். "அத்தைகிட்ட இப்பச் சொல்ல வேண்டாங்ப்பா. நானே சொல்றே." அழவும் இல்லை. எனக்கு ஜூலை வரை விசா இருக்கிறது. அதற்குள் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை வாய்விட்டுப் பேசிவிட்டால் போதும். இந்த ஊரில் எனக்கு வேறு வேலை இல்லை.

மே 23, வெள்ளி

பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி. முழுசும் சாப்பிட்டாள். உப்பு தூக்கல். மாப்பிள்ளை தண்ணீர் குடித்தே தட்டைக் காலி செய்தார்.

மே 25, ஞாயிறு

இந்த ஊர்க்காரர்கள் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? தெருவில் நடந்தால் போதும், ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடக்கிறது என்று உள்ளே போகாமலே தெரிந்துவிடும். முனை வீட்டுக்காரர் வாரம் முழுக்க உருளைக்கிழங்கே சாப்பிடுகிறார். அவருக்கும் அந்த அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நாய் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு வழுக்கைத் தலை மனிதர் தனியாக டான்ஸ் ஆடுகிறார். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். கை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து ஆடினார். நம் ஊராக இருந்தால் இந்நேரம் கைகலப்பாகியிருக்கும்.

தெருவிலேயே திரை மூடிக் கிடப்பது ஒரே ஒரு வீடு. எங்கள் வீடு. தாரணி இழுத்து மூடியது.

அதற்கு நேர் எதிர் வீட்டு வாசலில் மரத்தில் செய்த பெரிய கொக்கு ஒன்று நிற்கிறது. அலகில் துணி மூட்டை. கடை விளம்பரமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "அந்த ஊட்டுல கொழந்தை பொறந்திருக்குதுங் மாமா. அப்படி வெக்கறது இங்க வழக்கம்" என்றார். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மே 27, செவ்வாய்

நர்ஸ் வந்தார். மரைக்கா என்று பெயர், ஆறடி உயரம், சைக்கிளில் வருகிறார். பெற்றவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பது இங்கே ஏற்பாடு. அடுப்படியை எட்டிப் பார்த்து மூச்சை இழுத்து, நல்ல வாசனை என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் வாழ்நாளில் சமையலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அறைக்குள் போய்த் தாரணியிடம் நெடுநேரம் பேசினார். கதவு சாத்தியிருந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. கேட்டேன், ஆனால் ஆங்கிலம் மெதுவாகப் பேசினால் எனக்குப் புரியாது.

அலமாரியில் ஒரு மாத்திரை டப்பா பிரிக்காமல் இருக்கிறது. சத்து மாத்திரையா என்றேன்.

"இல்லீங் மாமா. ஆஸ்பத்திரியில குடுத்தது. அவ வேண்டாம்னுட்டா."

"சின்ன வயசுலருந்தே மாத்திரைன்னா ஓடுவா, மாப்ளே. வாழைப்பழத்துல வெச்சுக் குடுத்தாப் பழத்த மட்டும் முழுங்கிட்டு மாத்திரையத் துப்பிப்போடுவா."

அவர் சிரித்தார். சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். நல்ல பையன். அழுவதற்கு இவர் கார் நிறுத்தும் இடத்துக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். ஒன்றும் வாங்காமல் அடிக்கடி கீழே போய்வருகிறார்.

மே 30, வெள்ளி

முட்டைக்கோஸ் மர்மம்.

பொரியலுக்கு என்று வாங்கி வைத்த முட்டைக்கோஸ் குளிர்பெட்டியில் நாளுக்கு நாள் இளைக்கிறது. மேலே இருந்து இரண்டிரண்டு இலையாக யாரோ உரித்து எடுக்கிறார்கள். வெட்டின அடையாளம் இல்லை. எலி குளிர்பெட்டியைத் திறக்காது. நான் எடுக்கவில்லை. மாப்பிள்ளை என் சமையலைச் சாப்பிட முடியாமல் திருட்டுத்தனமாகப் பச்சை இலை மேய்கிறாரோ என்று சந்தேகம். நேராகவே கேட்டேன். காது சிவந்துவிட்டது அவருக்கு.

"தாரணிக்குங் மாமா" என்றார். அதோடு கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டார்.

பச்சையாகவா தின்கிறாள்? சரி, உடம்பு கேட்கிறது போல. இன்னொரு முட்டைக்கோஸ் வாங்கி வைத்தேன், பெரியதாக.

துணி துவைப்பதும் நான்தான். இவள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு சட்டை மாற்றுகிறாள். வியர்வையாக இருக்கும். நான் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

முழுசும் சாப்பிட்டாள். பேசவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

அக்கா வீடியோவில் வந்தாள். எப்போதும்போல முகத்துக்குப் பதிலாக நெற்றியும் மேலே ஓடும் ஃபேனும் தெரிந்தன.

"ஏண்டா நாரி, புள்ள எங்க? கூப்புடு. வயிறு எறங்கிருச்சான்னு பாக்கோணும்."

"தூங்கறாக்கா."

"எப்பப் பாத்தாலும் தூங்கறாங்கறே. நடக்கச் சொல்லுடா. குனிஞ்சு கூட்டச் சொல்லு."

"இங்க கூட்டறதுக்கு மெசின் இருக்குதுக்கா. அதுபாட்டுக்குக் கூட்டிக்கிட்டுத் திரியுது. வழியில நின்னா நம்மளையும் சேத்துக் கூட்டிப்போடும்."

அக்கா சிரித்தாள். அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் அடுத்த கேள்வியை மறந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். இன்று மூன்று தடவை செய்யவேண்டியிருந்தது. பேசி முடித்தபின் முதுகெல்லாம் நனைந்திருந்தது. மேடையில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் எனக்கு வியர்த்ததில்லை.

திரும்பினால் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. தாரணி கேட்டிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 5, வியாழன்

காய்ச்சல். நெருப்பாகக் கொதிக்கிறாள். மரைக்கா வந்தார், பின்னாலேயே டாக்டர் வந்தார். மார்பில் கட்டிக்கொண்டு கிருமி சேர்ந்துவிட்டது என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாமனாரிடம் அதைச் சொல்ல அவருக்கும் கூச்சம், கேட்க எனக்கும் கூச்சம். இரண்டு பேரும் உடனே மழையைப் பற்றிப் பேசினோம். இந்தத் தடவை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அலமாரியில் இருப்பது இல்லை, புதிதாகக் கொடுத்தது. காய்ச்சலுக்கு.

உள்ளே டாக்டர் என்ன செய்தாரோ, தாரணி ஒரு சத்தம் போட்டாள். கத்தல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற சத்தம். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஓர் அப்பன் எங்கே நிற்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சுலோசனாவாக இருந்தால் நர்ஸைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பாள்.

உடம்பு தேறட்டும் என்று குழம்பில் பூண்டு இரண்டு பங்காகப் போட்டேன். சுருண்டு படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து அதையும் சாப்பிட்டாள்.

விரலெல்லாம் பூண்டு நாற்றம். சோப்பு, எலுமிச்சை, காபித்தூள் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. போகமாட்டேன் என்கிறது.

ஜூன் 7, சனி

இன்றுதான் டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி. நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மறக்கவில்லை. மலைக்கோயிலிலிருந்து கூப்பிட்டாள். முட்டி வலியோடு பஸ் பிடித்து மலை ஏறியிருக்கிறாள். முகம் முழுதாகத் தெரிந்தது இன்றைக்குத்தான். யாரோ ஒரு பெண்ணிடம் போனைப் பிடிக்கக் கொடுத்திருந்தாள்.

"அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கீட்டண்டா. புள்ள பேரும், பொறக்கப்போற கொழந்தைக்கும்னு சொல்லியிருக்கறே. வலி கண்டுருச்சா? சொல்லு."

வாய் திறந்தேன். ஜோக் வரவில்லை. எத்தனையோ வருடம் கூப்பிட்ட உடனே ஓடி வந்த நாய், இன்றைக்கு மட்டும் வரவில்லை.

"அக்கா, கொழந்தைக்கு அர்ச்சனை வேண்டாங்க்கா" என்றேன். பிறகு சொன்னேன்.

கோயில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைப் பிடித்திருந்த பெண் அக்காவைத் தாங்கப் போனதில் தூணும் கூரையும் அக்காவின் சேலையும் மாறி மாறித் தெரிந்தன. அக்கா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். பிறகு என் அக்காவாகவே திரும்பி வந்து கேட்டாள்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல? சரி, அது கெடக்குது. புள்ளைக்கு என்ன ஆக்கிப் போடறே?"

"நீ சொல்லிக் குடுத்ததுதாங்க்கா. ஒரு நாள் உடல. பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, சோம்புத் தண்ணி..."

"பூண்டா?"

"நீதானக்கா சொன்னே, பெத்த உடம்புக்குன்னு."

"டேய்." அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "அது பால் ஊறறதுக்குடா. அத்தனையும் பால் ஊறறதுக்கு. குடிக்க வாய் இல்லாதப்ப ஊறுனாக் கட்டிக்கிட்டுக் கல்லாட்டம் ஆயிரும்டா. உசுரு போற வலி. காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"பொம்பள ஒருத்தி கூட இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "அழாதடா சாமி. நாந்தான் சொல்லியுடல. நாந்தான் கேள்வி கேக்காதேன்னே."

மாப்பிள்ளையைக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் போய்ப் பிடித்தேன். கேட்கக் கூச்சமாக இருந்ததை எல்லாம் கேட்டேன். சட்டைகள் நனைவது பாலால். முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து மார்பில் வைத்துக்கொண்டால் வலி கொஞ்சம் மட்டுப்படும் என்று மரைக்கா சொன்னாராம். அலமாரியில் பிரிக்காமல் இருப்பது பாலை நிறுத்தும் மாத்திரை. பூண்டைப் பற்றி அவருக்கும் தெரியாது. அம்மா இல்லாத இரண்டு வீட்டு ஆண்கள், ஆளுக்கொரு பக்கம் காரில் சாய்ந்து நின்றோம்.

அவளுக்கு வலியை நான்தான் சமைத்திருக்கிறேன். தினமும். உப்பு பார்த்து.

ஜூன் 8, ஞாயிறு

அடுப்படிக்குப் போகவில்லை. மாப்பிள்ளை பீட்சா வரவழைத்தார். தாரணி பாதியை வைத்துவிட்டாள்.

ஜூன் 9, திங்கள்

இன்று இங்கே ஏதோ கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறை. மாப்பிள்ளைக்கு ஆபீஸ் இல்லை. தெருவில் சைக்கிள்கூட இல்லை. மழை வருவதும் இல்லை, போவதும் இல்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஊரே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று படுத்திருக்கிற மாதிரி ஒரு நாள்.

எழுந்து காபி போட்டேன். அதோடு என் வேலை முடிந்தது. பூண்டுக் கூடை என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்க்கவில்லை. ரொட்டியும் தீர்ந்திருந்தது. திறந்திருக்கும் கடையைத் தேடிப் போக யாருக்கும் மனசில்லை.

அறைக் கதவு திறந்தது. தாரணி வந்தாள். காய்ச்சல் விட்டு முகம் வெளுத்திருந்தது.

"என்னங்ப்பா, அடுப்படியில சத்தத்தையே காணோம்? பாத்திரம் எதும் கீழ உழுகலியே."

வீட்டுக்கு வந்தபின் அவள் பேசிய முதல் நீளமான பேச்சு. நான் கரண்டியைத் தேடுவதுபோல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே வட்ட ரஸ்க் பாக்கெட் ஒன்றும், பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஒரு சின்ன டப்பாவும் இருந்தன.

"இதத் திங்கலாமா, மாப்ளே?"

சபரி டப்பாவைப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து வாங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "அது... இங்க கொழந்தை பொறந்தா, பாக்க வர்றவங்களுக்குக் குடுக்கறதுங் மாமா. ரஸ்க் மேல வெண்ணெய் தடவித் தூவிக் குடுப்பாங்க. பொண்ணுன்னா ரோஸ். முன்னாடியே வாங்கி வெச்சிருந்தே."

திரும்ப உள்ளே வைக்கப்போனேன்.

"எடுங்கப்பா" என்றாள் தாரணி. "பசிக்குது."

அவளே உட்கார்ந்து ஒவ்வொரு ரஸ்க்குக்கும் ஓரம்வரை வெண்ணெய் தடவினாள். டப்பாவைத் திறந்து தூவினாள். ரோஜாவும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன மணிகள். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பார்க்க வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். கடித்தேன். சர்க்கரைக்குள்ளே சோம்பு. சோம்பு எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியும். மென்றேன். மூன்று பேர் ரஸ்க் கடித்தால் என்ன சத்தம்! யாரும் பேசவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதன்பின் நாங்கள் எதுவுமே செய்யவில்லை. சபரி சோபாவில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து தூங்கிப்போனார். கீழே போகாமல் அவர் இருந்த முதல் நாள். தாரணி ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கத்தில் போட்டாள். இன்னொன்றை இழுத்து அதன் பக்கத்தில் போட்டாள். எனக்கு. பிறகு திரையை விலக்கினாள்.

எதிரே அந்தக் கொக்கு மழையில் நனைந்துகொண்டு நின்றது.

"இன்னும் எடுக்கலியா அத" என்றாள்.

"சாயம் போயிக் கறுத்துரும். காக்கா ஆயிரும் நாளைக்கு."

சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் அசைந்தது, நான் பார்த்தேன். கூட்டத்தை முப்பது வருடமாகப் பார்க்கிறவன்.

முனை வீட்டு நாய் தன் முதலாளியை இழுத்துக்கொண்டு போனது. வழுக்கைத் தலைக்காரர் இன்றைக்கு ஆடவில்லை, செடிகளுக்கு மழையிலேயே தண்ணீர் ஊற்றினார்.

"அப்பா, அம்மாவோட சாம்பார் ஜோக் சொல்லுங்க."

"இப்பவா?"

"சும்மா சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "எங்க ஊட்டுச் சாம்பார்ல பருப்பு எங்கடீன்னு கேட்டேனுங்க. கரண்டிய உள்ள உட்டுத் தேடிக்குங்கன்னா. உட்டேனுங்க. போன கரண்டி..."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தவேண்டும், ஜனம் காத்திருக்கும். நிறுத்தினேன். நிறுத்தினதும் அதற்குமேல் வரவில்லை.

"போன கரண்டி இன்னும் திரும்பி வல்லீங்க" என்று தாரணி முடித்தாள். "போலீஸ் டேசன்ல போட்டோ ஒட்டியிருக்குதுங்க. தங்கத்துக்குத் தங்கமான கரண்டிங்க."

என் குரல், என் கை ஆட்டல், அப்படியே. சோபாவில் சபரி புரண்டு படுத்தார்.

"தாரணி. அந்தப் பூண்டு... எனக்குத் தெரியாது கண்ணு."

"தெரியுங்ப்பா."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும். பூண்டு எதுக்குன்னும் தெரியும். நம்ம கோமதி அண்ணிக்குக் கொழந்தை பொறந்து அம்மா பத்தியம் ஆக்கிக் குடுத்தப்ப நாந்தானே உரிச்சே."

"அப்பறம் ஏஞ்சாமி சாப்பிட்டே? ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தியிருப்பனல்ல. காய்ச்சல்ல கெடந்து அந்தப் பாடு பட்டியே."

அவள் கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத நாளு, நீங்க விரலச் சுட்டுக்கிட்டு ஆக்குனீங்கன்னு சாப்பிட்டே. அப்பறம் அதுக்கில்லீங்ப்பா. மாத்திரை போட்டா நின்னுரும்னாங்க ஆஸ்பத்திரியில. வாங்கிக்கிட்டு வந்தே. போட முடியல. அவளுக்குன்னு வந்ததுங்ப்பா. அவ போனது இதுக்குத் தெரியல. தெனமும் வந்துக்கிட்டு இருக்குது. இதும் நின்னு போச்சுன்னா, அவ வந்துட்டுப் போனதுக்கு எங்கிட்ட என்னதாங்ப்பா இருக்குது?"

மேடையில் எதிர்க்கட்சிக்காரர் எதைச் சொன்னாலும் என்னிடம் பதில் இருக்கும். அவர் உட்காருவதற்குள் எழுந்துவிடுவேன். இன்று உட்கார்ந்தே இருந்தேன். அவள் கை நாற்காலிப் பிடியில் இருந்தது. பிடித்துக்கொண்டேன். பெரியவளானபின் அவள் கையை நான் பிடித்தது தாரை வார்த்தபோதுதான்.

அவள் என் கையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நாற்றம் அடிக்குமே என்று இழுத்தேன். விடவில்லை.

"அம்மா கை மாதிரியே இருக்குது" என்றாள்.

அப்போதுதான் அழுதாள். என் உள்ளங்கைக்குள்ளேயே, சத்தம் வெளியே போகாமல் முதலில், பிறகு போனால் போகட்டும் என்று. சபரி எழுந்து வந்து என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் திரை விலக்கிய ஜன்னலில் அப்படி இருந்தோம். தெருவில் போன யாராவது பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும், நான் அவர்களை எவ்வளவு பார்த்திருக்கிறேன்!

சாயங்காலம் அவளே போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், இருங்க என்று கையைக் காட்டினாள். "அத்தே, நாந்தான். மூஞ்சி தெரியல, போனக் கொஞ்சம் கீழ புடிங்க" என்று ஆரம்பித்து, குழந்தை எப்படி இருந்தாள் என்று சொன்னாள். முடி நிறைய இருந்ததாம். சுருட்டையாம். எனக்கும் அது தெரியாது. அன்றைக்கு என்னால் கிட்டே போய்ப் பார்க்க முடியவில்லை. தூரத்தில் நின்றுகொண்டேன். இப்போதுதான் பார்த்தேன், அவள் சொல்லச் சொல்ல.

இங்கே ஜூன் மாதத்தில் பொழுது இறங்குவதே இல்லை. மழை விட்டு, தெரு முழுக்க மஞ்சள் வெயில். தாரணி எழுந்தாள். அறைக்குப் போகிறவள் அடுப்படிப் பக்கம் நின்று கூடையில் கையை விட்டு ஒரு பூண்டை எடுத்தாள். உரிக்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பக் கூடைக்குள் வைத்தாள்.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"நாளைக்கு ரசம் வெய்யுங்க. பூண்டு வேண்டாம்."

ஜூன் 10, செவ்வாய்

ரசம். பூண்டு போடவில்லை. சப்பென்று இருந்தது. தாரணி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். நானும் வாங்கிக்கொண்டேன்.